பன்னிரண்டு ராசிக்கும் பயம்

எய்யா,

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, அதுவும் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது என்று முதல் பக்கத்திலேயே நீ முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். ஆனால் கடைசிவரை படி. ஏன் இப்படிச் சிறுக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் நீ கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் படத்தில் எது நன்றாக இருக்கிறது, எது சொதப்பல் என்று ஒளிக்காமல் சொல்லச் சொன்னாய். போனில் கேட்டால் நான் பூசி மெழுகிவிடுவேனாம், எழுதி அனுப்ப வேண்டுமாம். சரி. இன்றைக்கு நம் பக்கம் மாதாந்திர மின்தடை, பிரஸ்ஸில் மிஷின் ஓடவில்லை. உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். அச்சுப் பிசகி ஒதுக்கிய வேஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் அடுத்த வருஷத்து மார்ச் மாதம் இரட்டை இரட்டையாகத் தெரியும், அதைப் பார்த்துக் குழம்பாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கேமராவோடு வந்து இறங்குவதற்குள் இது உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் உன் 'கூடுதல் தாள்' எனக்கு என்ன புரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். உன் கதையை உனக்கே சொல்கிறேன் என்று சிரிக்காதே. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிற ஒரு பையன். தினசரிக் காலண்டர் கட்டு ஒன்றில் இல்லாத தேதிக்கு ஒரு தாள் தப்பாக வந்துவிடுகிறது: ஏப்ரல் முப்பத்தொன்று. விளையாட்டாக அதைக் கிழிக்கிறான். முப்பது வருஷம் தள்ளிப் போய் விழுகிறான். அங்கே ஒரு கிழவனைப் பார்க்கிறான். பேசிப் பார்த்தால் அந்தக் கிழவன் இவனேதான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொடக் கூடாது, தொட்டால் இருவருமே இல்லாமல் போய்விடுவார்கள் என்பது சட்டம். பையனாக நீ. வேஷம் போட காசில்லாததால், முப்பது வருஷம் கழித்த நீயாக நான். "மேக்கப் எதுக்குப்பா, எனக்கு வயசானா உங்க மூஞ்சிதானே" என்று நீ சொன்னபோது உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நல்லதைச் சொல்கிறேன். காலம் தாண்டுகிற படம் என்றதும் இரும்புக் கூண்டு, நீல விளக்கு, புகை என்று எதையாவது வாடகைக்கு எடுத்துக் கேவலப்படுத்திவிடுவாயோ என்று பயந்திருந்தேன். நீ ஒரு தாளைக் கிழித்தாய், அவ்வளவுதான். அது நம் வீட்டிலிருந்து எடுத்த விஷயம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆடிப்பெருக்கன்று ஊரில் அத்தனை பிரஸ்ஸிலும் பூஜை போட்டு அடுத்த வருஷத்து மாதிரிக் காலண்டரை வெளியிடுவார்கள் அல்லவா? மற்ற ஊர்க்காரர்களுக்கு ஜனவரியில் வருகிற வருஷம் நமக்கு ஆடியிலேயே வந்துவிடும். மாதிரிக்கு அடித்ததில் ஒன்றைக் கொண்டுவந்து நான் சுவரில் மாட்டிவிடுவேன். நீ மூன்றாம் வகுப்பில் அதைப் பார்த்துப் பரீட்சைத் தாளில் அடுத்த வருஷத்தை எழுதிவிட்டு வந்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, உங்கள் பையன் அதற்குள் நாலாம் வகுப்பில் உட்கார அவசரப்படுகிறான் என்றார். வெளியூர் டைரக்டர் யாருக்கும் இந்தக் கதை தோன்றியிருக்காது. அடுத்த படத்துக்கும் கதையைத் தேடி எங்கும் அலையாதே, வீட்டுச் சுவரைப் பார்.

அதைவிட நல்லது, ராசிபலன். நம் காலண்டரில் தினமும் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல்தான் போடுவோம். லாபம், நட்பு, அலைச்சல், சுகம், பயம் என்று மாறி மாறி வரும். உன் கூடுதல் தாளில் கேமரா மேஷத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகிறது. மேஷம், பயம். ரிஷபம், பயம். மிதுனம், பயம். மீனம் வரைக்கும் பன்னிரண்டு ராசிக்கும் பயம். நம் டவுன் தியேட்டரை ஒரு காலைக் காட்சிக்கு வாடகைக்குப் பிடித்துப் போட்டுக் காட்டினாயே, அன்றைக்கு அந்த இடம் வந்தபோது இருமிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். இதற்கு ஆன செலவு ஒரு தாளும் கொஞ்சம் மையும். கோடி கொட்டினாலும் வராது.

வருங்காலத்தைக் காட்டின விதமும் பரவாயில்லை. தீபாவளிக்கு மறுநாள் ஊர் முழுக்கக் கடை அடைத்து, லாரி இல்லாமல், மிஷின் சத்தம் இல்லாமல் கிடக்கும்போது போய் எடுத்துவந்து, இதுதான் முப்பது வருஷம் கழித்த சிவகாசி என்று போட்டுவிட்டாய். வேலை நின்றுபோன ஊர் எப்படி இருக்கும் என்று நம் ஆட்களுக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் சிவப்புக் காகிதக் குப்பை கிடப்பது தெரிகிறது, வெடித்த சரத்தின் காகிதம் அது. வருங்காலத்தில் யார் வெடித்தார்கள் என்று ஒருவனும் கேட்கவில்லை. தப்பித்தாய்.

நல்லதில் இன்னொன்று, அந்தச் சத்தம். நீ தேநீர்க் கடை வாசலில் நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தபோது வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து தொம்மென்று ஒரு சத்தம் வந்தது. நீ வசனத்தை விட்டுவிட்டுத் திரும்பினாய். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், சைக்கிளில் போனவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே திசையில் திரும்பிப் புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். உன் அம்மா அதற்குள் தாயில்பட்டிக்குப் போன் போட்டுவிட்டாள், உன் சித்தி அங்கே பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறாளே. போன் எடுக்கிற வரை உன் அம்மா முகத்தில் ரத்தம் இல்லை. சித்தி எடுத்து, "ஒண்ணுமில்லக்கா, கல்குவாரி" என்றாள். நீ அந்தக் காட்சியை வெட்டாமல் அப்படியே வைத்தாய். நீ படத்தை அனுப்பிவைத்த வெளியூர்க்காரர்கள் காலம் பிளக்கிற சத்தம் என்று எழுதியிருக்கிறார்களாம், அத்தனை பேர் ஒரே மாதிரித் திரும்பியதற்கு எத்தனை ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்களாம். நமக்குத்தான் தெரியும். எந்தத் திசை, எம்புட்டுத் தூரம், யார் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று காது கேட்ட மாத்திரத்தில் கணக்குப் போட்டுப் பழகின ஊர் இது. பயம் என்றால் வெளியிலிருந்து சத்தத்தோடு வரும் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இனி சொதப்பலுக்கு வருகிறேன். கோபப்படாதே. நீ சென்னையில் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்துகொண்டு, லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வந்து எடுத்ததில் படம் முடிய மூன்று வருஷம் ஓடிவிட்டது. எடுத்ததையெல்லாம் முன்னும் பின்னும் கலந்து ஒட்டியிருக்கிறாய். வாசலில் கட்டியிருக்கிற ஆட்டுக்குட்டி, நீ கதவைத் திறக்கும்போது பால்குடிக் குட்டியாக இருக்கிறது, நீ உள்ளே வந்து கதவைச் சாத்தும்போது கொம்போடு நிற்கிறது. உன் மீசை ஒரு வாக்கியத்துக்குள் வளர்ந்து தேய்கிறது. வருங்காலத்துப் போன் என்று உன் போனிலேயே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறாய், ஓரம் பிய்ந்து தொங்குகிறது. கேமரா பிடித்த உன் சினேகிதன் செல்வத்தை நடுவில் கண்ணாடி மாட்டிப் புரொபசராக்கி, காலம் என்றால் என்ன என்று பேச விட்டாயே, அங்கேதான் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போனார். எவனுக்கும் புரியாததை விளக்காதே. தாள் கிழிந்ததும் நம்பிவிட்டோமே, அப்புறம் எதற்கு வகுப்பு?

உன் அம்மாவின் குறை வேறு. முப்பது வருஷம் தாண்டிப் போனவன் ஊரைக் கேட்கிறான், பிரஸ்ஸைக் கேட்கிறான், எனக்கு என்ன ஆகும் என்று கேட்கிறான். பெற்றவள் என்ன ஆனாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்கிறாள். ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வருகிறவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படத்துக்கு வெளியேயும் நீ அப்படித்தான், போனை எடுத்தால் என்னிடம் ஷாட்டைப் பற்றிப் பேசிவிட்டு அவளிடம் சாப்பிட்டாயா என்பதோடு வைத்துவிடுகிறாய். சரிசெய்துகொள்.

எல்லாருமே கண்டுபிடித்த பெரிய குறை கடைசிக் காட்சி. தொட்டால் இருவரும் இல்லாமல் போவார்கள் என்று படம் முழுக்கப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் கிழவன் பையனின் தோளைப் பிடித்துவிடுகிறான். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் கல்லு மாதிரி நிற்கிறார்கள். படத்தை இணையத்தில் வெளியிடுகிறோம் என்று ஒரு கம்பெனி முன்வந்திருப்பதாகவும், இரண்டு திருத்தம் கேட்கிறார்கள் என்றும் போன வாரம் சொன்னாய். தோளைப் பிடிக்கிற அந்த ஷாட்டை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கிழவன் அந்தக் கூடுதல் தாளைக் கட்டிங் மிஷினில் வைத்து வெட்டி அழிக்கிற மாதிரி ஒன்று புதிதாக எடுத்துச் சேர்க்க வேண்டும். கத்தி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், படத்தில் கிழவனுக்கு நடுங்குகிற அந்தக் கை தெரிய வேண்டும். முதலாளியிடம் நீயே பேசி ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸைத் திறந்து தரச் சொல்லிவிட்டாய். என்னிடம், "அதே நடுக்கம் வேணும்ப்பா, குறையக் கூடாது" என்றாய்.

எய்யா, குறைக்க என்னால் முடியாது.

அந்தப் படத்தைத் தனியாக இன்னொரு தரம் போட்டுப் பார். என்னை மட்டும் பார். கிழவன் அந்த வீட்டுக்குள் நுழைகிறபோது இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருகிறான். அது முதல் வருஷம் எடுத்தது. உட்கார்ந்து டீயை எடுக்கும்போது கிளாஸ் அசையாமல் இருக்கிறது. அதுவும் முதல் வருஷம். அதே டீயைக் கீழே வைக்கிறான், கிளாஸ் மேசையில் தடதடக்கிறது. அது மூன்றாம் வருஷம். எழுந்து வெளியே போகிறான், இடது கை வீசுகிறது, வலது கை ஒட்டிவைத்த கை மாதிரி தொங்குகிறது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைத்ததைக் கண்டு கைதட்டிச் சிரித்தவர்கள், எனக்கு ஆனதைப் பார்த்து நடிப்பு என்றார்கள். இடைவேளையில் யாரோ ஒருத்தர், முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அண்ணாச்சி, அந்தக் கை நடுக்கம் நெசம் மாதிரியே இருந்துச்சு" என்றார். நான் இளித்தேன். கையை அவரிடமிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நீயும் அன்றைக்கு எப்படிப்பா அதைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாய். அதெல்லாம் தானா வரும் என்றேன். பொய் இல்லை, தானாகத்தான் வந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் கட்டைவிரல் மட்டும், பீடி சுற்றுகிற மாதிரி தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருக்கும். சும்மா இருந்தால்தான் ஆடும், எதையாவது பிடித்தால் நின்றுவிடும். அதனால் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கப் பழகினேன். பஸ்ஸில் கம்பி, கடையில் பை, வீட்டில் நாற்காலிக் கை. கையெழுத்துப் போடும்போது பெயர் முடிவதற்குள் எழுத்து கடுகாகிவிடும். இந்தக் கடிதத்தில் பார்க்கிறாயே. சீசன் அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீசன் முடிந்தும் அலுப்பு போகவில்லை.

இப்போது மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நிற்கிற கட்டிங் மிஷினில் இரண்டு பட்டன் இருப்பது உனக்குத் தெரியும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கத்தி இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறான். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? சீசனில் ஆர்டர் குவிந்துவிட்டால், காலண்டர் அட்டையைச் சின்னதாக மடித்து ஒரு பட்டனில் சொருகி டேப் ஒட்டிவிடுவோம். ஒரு கையால் கட்டைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் அழுத்தலாம், வேலை சரசரவென்று ஓடும். யாரும் சொல்லித்தருவதில்லை, பக்கத்து மிஷினைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். நானும் வருஷக்கணக்காகச் செய்தேன். எனக்கு ஒன்றும் ஆனதில்லை, அதனால் எதுவும் ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

இந்த ஆடி கழிந்து வேலை சூடுபிடித்த சமயம். வலது கையால் தாள் கட்டைத் தள்ளிச் சேர்த்துவிட்டு எடுக்கிறேன். எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கை ஒரு துள்ளு துள்ளிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. இடது கை அதற்குள் பட்டனை அழுத்திவிட்டது. கத்தி இறங்கி ஏறியது. ரத்தம் இல்லை. கட்டைவிரல் நகத்தின் நுனி மட்டும், வெள்ளையாக, பிறை மாதிரி, வெட்டின தாளோடு கிடந்தது. மிஷின் சத்தத்தில் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கட்டில் தேதியெல்லாம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது, அதை எடுத்து வேஸ்ட்டில் போட்டேன். பட்டனில் சொருகியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வெடிச் சத்தம் கேட்டால் எந்தத் திசையென்று திரும்பிப் பார்க்கலாம். இதற்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எந்த மிஷின் முன்னால் நின்றாலும், கேமராவோ காரோ எதுவாக இருந்தாலும், வேலை வேகமாக ஓட வேண்டும் என்று காவலுக்கு வைத்ததை அடைத்துவிடாதே. உன் கூட வேலை செய்கிறவர்களையும் அடைக்க விடாதே. செல்வம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று ஷாட் எடுத்தான், நீ கீழே நின்று இன்னும் கொஞ்சம் பின்னால் போடா என்றாய். படத்தில் அந்த ஷாட் அழகாகத்தான் இருக்கிறது. என்னால் இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.

உன் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. இடது கையால் சாப்பிட முடியாதே, அதனால் சோற்றை நிறையக் குழம்பு விட்டுப் பிசைந்து தரச் சொல்லி, கிண்ணத்தில் வாங்கி, கரண்டி கேட்க ஆரம்பித்தேன். வாய்ப்புண் என்றேன். சட்டைப் பொத்தான் போட நேரமானால் குளியலறையிலேயே நின்று போட்டுவிட்டு வருவேன். எல்லாம் சாமர்த்தியமாகச் செய்கிறேன் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் காலையில் டீ கொண்டுவந்தாள். கிளாஸ் நிறைய இல்லை, பாதிதான். இத்தனை நாளும் பாதிதான் கொடுத்துவந்திருக்கிறாள், சிந்தாமல் இருக்கட்டும் என்று. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான் இடது கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"படத்துல நடிச்சது போதாதா, வீட்டுலயுமா நடிப்பீக?" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். தியேட்டரிலேயே தெரிந்துவிட்டதாம். எல்லாரும் கைதட்டும்போது தான் மட்டும் தட்டவில்லை என்றாள். ரிக்‌ஷாவில் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை என்று உன்னைத் திட்டிக்கொண்டே வந்தது, வேறு எதையும் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தானாம். எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் கேட்டு, மதுரையில் நரம்பு டாக்டர் ஒருத்தரிடம் திங்கட்கிழமைக்கு டோக்கனும் போட்டு வைத்திருக்கிறாள். இது இன்னது என்று பெயர் வைப்பது டாக்டர் வேலை, நாமாக எதையும் முடிவு கட்டக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னாராம். நல்ல வார்த்தைதான். ஆனால் பெயர் வைக்கிறவரை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அறுபது வயதுக்காரன் மகனுக்கு இப்படி எழுதுவது அசிங்கமா என்று யோசித்தேன். இருக்கட்டும். சாவைப் பற்றி இல்லை. சட்டைப் பொத்தானைப் பற்றிப் பயமாக இருக்கிறது. உன் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கச் சொன்னால் தட்டு ஆடுமே என்று பயமாக இருக்கிறது. மிஷினை விட்டு இறங்கினால் நான் யார் என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது, அதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை நடந்துவிட்டு வந்தேன். நீ என்னை உன் வருங்காலமாக நிறுத்தினாய். எனக்கு வயதானால் உங்கள் முகம்தான் என்றாய். திரையில் நீ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், நான் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். அது படமாகவே இருந்துவிட வேண்டும் என்று தியேட்டர் இருட்டில் கும்பிட்டேன். நர்ஸம்மாவிடம் இதைத் தனியாகக் கேட்டேன். பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவதில்லை, எதற்கும் டாக்டரிடமே கேளுங்கள் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிக் காட்சி எடுத்த அன்று நடந்ததை இப்போது சொல்கிறேன். பையன் கிழவனைப் பார்த்து, "எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறான். கிழவனுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் பொய் சொல்கிறான். "ஒண்ணும் ஆகாதுலே." அதுதான் நீ எழுதின வசனம். ஆனைக்குட்டம் அணைக்கரையில் நின்றோம், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம்தான் வெளிச்சம் என்று செல்வம் கத்திக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தபோது கை ஆடத் தொடங்கியது, அதுவரை இல்லாத அளவுக்கு. பக்கத்தில் கம்பி இல்லை, பை இல்லை, நாற்காலி இல்லை. நீதான் இருந்தாய். உன் தோளைப் பிடித்தேன். பிடித்ததும் நின்றுவிட்டது. வசனத்தைச் சொன்னேன். நீ, "தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்று சத்தம் போட்டாய், அதற்குள் வெளிச்சம் போய்விட்டது, மறுபடி எடுக்க முடியவில்லை. உன் படத்தின் பெரிய குறை வந்த வழி இதுதான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ கோபத்தில் இருந்தாய், நான் பயத்தில் இருந்தேன்.

அந்தக் கம்பெனி கேட்ட திருத்தத்தைச் செய்வதா, வேண்டாமா என்பது உன் முடிவு. படம் வெளியே வர வேண்டும் என்று நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமை அதில் இருக்கிறது. தோள் ஷாட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எடு, நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் சொல்ல மாட்டேன். கட்டிங் மிஷின் ஷாட்டுக்கு மட்டும் என்னால் வர முடியாது. வேறு யார் கையையும் அந்தக் கத்திப் பக்கம் வைக்கவும் வேண்டாம். தாளைத் தண்ணீரில் போட்டு மை கரைகிற மாதிரி எடுத்துக்கொள், செலவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸைத் திறக்க வேண்டாம் என்று முதலாளியிடம் நான் சொல்லிவிட்டேன். பேக்கிங் பக்கம் மாறிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். படத்தில் பார்த்தீர்களே அண்ணாச்சி, அதுதான் என்றேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை வா. கேமரா வேண்டாம். திங்கட்கிழமை காலையில் மதுரை பஸ்ஸில் என்னோடும் அம்மாவோடும் வா. எனக்கு வலது பக்கம் நீ உட்கார்ந்துகொள். திருமங்கலம் தாண்டுகிறபோது, டாக்டர் என்ன சொல்வாரோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். நான் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு என்ன ஆகும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டேன், வெட்கமாக இருக்கும். ஆனாலும் நீ எழுதின அந்த வசனத்தை என்னிடம் சொல்லு. பொய்யென்று தெரிந்தாலும் பரவாயில்லை, நல்ல வசனம். நான் உன் தோளைப் பிடித்துக்கொள்வேன். தொட்டால் ஒன்றும் காணாமல் போய்விட மாட்டோம் என்று உன் படத்திலேயே பார்த்துவிட்டோமே.

அப்பா